வாரியா என்றதும் வந்த பிள்ளை

பிறத்தியார் இடுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டால், இரண்டு கையையும் நீட்டி, நாக்கைச் சொடுக்கி, "எங்கிட்ட வாரியா?" என்று கேட்காமல் கோவில்பட்டிப் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் அந்த இடத்தைத் தாண்டிப் போகமாட்டாள். பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் சரி, கல்யாண வீடாக இருந்தாலும் சரி, எழவு விழுந்த துட்டி வீடாக இருந்தாலும் சரி, கேட்டே தீர வேண்டும். பிள்ளை தன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "வரமாட்டாகளாம், பெரிய மனுசரு" என்று கேட்டவள் சிரிப்பாள். பெற்றவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அத்தோடு காரியம் முடிந்தது. பிள்ளை வந்துவிடும் என்று நினைத்து யாரும் கேட்பதில்லை. செண்பகவல்லியும் அப்படி நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் அவள் கேட்டது ஐரோப்பாவில், ஒரு பெரிய மியூசியத்தில், சுவரில் தொங்கிய படத்துக்குள் இருந்த பிள்ளையிடம். அது வந்துவிட்டது.

அவள் அங்கே போய்ச் சேர்ந்ததே நாயகத்தின் புண்ணியத்தில்தான். ஜெர்மனியில் வேலை பார்க்கிற கோமதிநாயகம், பெற்ற அம்மா உலகம்மைக்கும் பெரியம்மா செண்பகவல்லிக்கும் சேர்த்து ஐரோப்பா டூருக்கு டிக்கெட் போட்டுவிட்டான். அவர்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவருக்கும்கூடத்தான் போடுவதாகச் சொன்னான். அவர்கள் கடலைமிட்டாய்க் கடையைச் சாத்திவிட்டு வரமாட்டோம், பாகு பதம் பார்க்க வேற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, ஓரகத்திகள் இரண்டு பேரும் மட்டும் ஒரே ஓட்டல் அறையில், ஒரே பஸ் சீட்டில், அடுத்தடுத்துப் படுத்து அடுத்தடுத்து உட்கார்ந்து நாடு நாடாகப் போக வேண்டியதாயிற்று. இருவருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை இருந்தால்தானே சமாதானம் ஆகமுடியும். அரிசி என்ன விலை, மழை பெய்ததா, கரண்டு வந்ததா என்பதைத் தாண்டி இத்தனை வருசத்தில் அவர்கள் எதையும் பேசிக்கொண்டதில்லை.

டூர் திருநெல்வேலிக்காரர்கள் நடத்துவது. மேனேஜர் தில்லைநாதன் எங்கே போனாலும் ஒரு பச்சைத் துண்டைக் குடைக்கம்பியில் கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். பஸ் ஏறும்போதெல்லாம் தலையெண்ணிக்கை எடுப்பான். கூடவே சமையலுக்கு என்று சுடலைமுத்து வந்திருந்தார். அவர் ஒரு நாட்டின் கோட்டை கொத்தளங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஓட்டலுக்கு ஓட்டல் குக்கரையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு, எந்த ஊர்த் தண்ணீரிலும் ரசத்தை ஒரே ருசியில் வைக்கிற மனிதர்.

அன்றைக்கு மியூசியத்தில் எல்லாருக்கும் கால் கடுத்துப் போயிருந்தது. அறைக்குப் பின் அறை, சுவருக்குப் பின் சுவர், ஆடு, மாடு, ஆப்பிள், செத்த வாத்து, குதிரைமேல் ராஜா, துணியில்லாத பொம்பளைகள் என்று படங்கள் வந்துகொண்டே இருக்க, டூர்க்காரர்கள் படத்தை விட்டுவிட்டு உட்கார பெஞ்சு இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிய நேரத்தில்தான், நீலச் சேலையைத் தலையோடு போர்த்திய ஒரு தாய் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்திருக்கிற அந்தப் படத்துக்கு முன்னால் செண்பகவல்லி நின்றாள். பிள்ளைக்கு முகம் கொஞ்சம் கிழட்டு முகம். கன்னம் மட்டும் பன்னு மாதிரி இருந்தது. ஒரு கால் மடியை விட்டுத் தொங்கியது.

"இப்பிடியா புள்ளையப் பிடிப்பா? காலு மரத்துப் போவும்லா," என்றாள் செண்பகவல்லி. பிறகு, கை தானாக நீண்டது, நாக்கு தானாகச் சொடுக்கியது. "எங்கிட்ட வாரியா?"

பிள்ளை தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்தது. தொங்கிய காலைச் சட்டத்தின்மேல், வாசற்படியில் வைப்பதுபோல வைத்து, குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, அவள் இடுப்பில் வந்து ஏறிக்கொண்டது. நல்ல கனம். புதுக்கதவுக்கு அடித்த வார்னிஷ் வாசனை அடித்தது. படத்துக்குள் தாயின் கைகள் பிள்ளையை வைத்திருந்த வளைவிலேயே, ஒன்றுமில்லாமல் நின்றன.

காவலுக்கு நின்ற வெள்ளைக்காரர் வந்து ஏதோ சொன்னார். "என்னவாம்?" என்று கேட்டாள் செண்பகவல்லி. "புள்ளை படத்தையெல்லாம் தொடாம பாத்துக்கணுமாம்," என்றான் தில்லைநாதன். டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று அவன் திரும்பக் கேட்டதற்கு, அந்த வயசுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று சொல்லிவிட்டு அவர் தன் மூலைக்குப் போய்விட்டார். படத்துக்கு முன்னால் ஒரு ஓவியக் கல்லூரிக் கூட்டம் வந்து நின்றது. அவர்களுடைய வாத்தியாரம்மா அந்த வெறும் கைகளைக் காட்டி நெடுநேரம் பேசினாள்; மாணவர்கள் உருகி உருகி எழுதிக்கொண்டார்கள். இல்லாத பிள்ளையை இப்படி வரைய இன்னொருவன் பிறந்து வரவேண்டும் என்று அவள் சொன்னதாகத் தில்லைநாதன் மொழிபெயர்த்தான்.

பஸ்ஸில் தலையெண்ணியபோது ஒன்று கூடுதலாக வந்தது. தில்லைநாதன் மறுபடி எண்ணினான், மறுபடியும் கூடியது. பின் வரிசையிலிருந்து ஒருவர், "மடிப்புள்ளைக்கு சீட்டா போட்டிருக்கு? சீட்டு இல்லாததை எதுக்குவே எண்ணுதீரு?" என்று கேட்க, அது நியாயமாகப் படவே அவன் பிள்ளையை விட்டுவிட்டு எண்ணினான். கணக்குச் சரியாக வந்தது. பஸ் புறப்பட்டது.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த வில்சன் பெர்னாந்துதான் முதலில் ஆடிப்போனவர். அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் நடைபாதையிலேயே முழங்காலிட்டுவிட்டார். அவர் மனைவி ரோசம்மாள், "எந்திரிங்க, வழிய மறிக்காதிய. ஆளுக யாருங்கதெல்லாம் பெறவு பாத்துக்கிடலாம், மொதல்ல புள்ளைக்குப் பசிக்குதான்னு பாப்போம்," என்றாள். பெர்னாந்துக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை ஆண்டவராகவே இருந்தால் ரசச்சோறு கொடுக்கலாமா, இல்லாவிட்டால் முழங்காலிட்டது தப்பா என்று இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்ததும், மனிதர் அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டுக் கண்ணாடியைக் காப்பாற்றப் போய்விட்டார்.

சுடலைமுத்து பருப்பும் நெய்யும் விட்டுச் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தார். பிள்ளை தின்றது. யாரோ ஒருவர் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி போட்டார். சாமான் வைக்கிற தட்டின் இரண்டு பக்கக் கம்பிகளிலும் சேலையைக் கட்டி, பஸ்ஸுக்கு நடுவில் தூளி தொங்கவிட்டார்கள். பிள்ளையின் தலைக்குப் பின்னால் சப்பாத்தி அகலத்துக்கு இருந்த பொன்வட்டம் தூளியில் படுக்கும்போது இடித்தது என்று ரோசம்மாள் அதைக் கம்மலைக் கழற்றுவது போலத் திருகிக் கழற்றி, துடைத்து, செண்பகவல்லியின் டிபன் டப்பாவில் பத்திரமாக வைத்தாள். அதற்குப் பிறகு மலைகள் வந்தன, ஏரிகள் வந்தன, ஒரு நாட்டின் எல்லை முடிந்து அடுத்த நாடு தொடங்கியது. பஸ்ஸில் ஒருவரும் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை, தூளியை ஆட்டுவது யார் முறை என்பதில்தான் போட்டி. எப்போதும் சத்தமாக ஓடும் பாட்டைத் தில்லைநாதன் நிறுத்திவிட்டான். ஓட்டல்காரர்கள் கேளாமலே தொட்டில் கட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் செண்பகவல்லி பெட்டியை வைத்துவிட்டு, பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள்.

அடுத்த கட்டிலில் உலகம்மை சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் மட்டும் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை. "எங்கிட்ட வாரியா?" என்று கேட்கவுமில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்லியாக வேண்டும். செண்பகவல்லிக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தன் பெண்டாட்டி உலகம்மைக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, இரண்டாவது பிள்ளையை, பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் செண்பகவல்லி மடியில் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் நடக்கிற வழக்கம்தான். எழுத்தும் கிடையாது, பத்திரமும் கிடையாது, மடியில் போட்டால் போட்டதுதான். அந்தப் பிள்ளைதான் நாயகம். அவன் செண்பகவல்லியை அம்மா என்றும், அப்போது கயத்தாற்றில் குடியிருந்த உலகம்மையைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருசம், உலகம்மையின் மூத்த பையன் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்துபோனான். பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்த மறுநாள், உலகம்மை கோவில்பட்டி வீட்டு வாசலில் வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, "எங்கிட்ட வாரியா?" என்று கேட்டாள். எப்போதும் நடக்கிற விளையாட்டுத்தான் என்று நினைத்துப் பையன் சிரித்துக்கொண்டே ஓடினான். பிள்ளையை வாரிக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவளிடம் மாட்டேன் என்று சொல்ல எந்த நாக்குக்கு வரும்? செண்பகவல்லி அடுப்படிக்குள் போனாள், சுவரைப் பார்த்து நின்றாள், வெளியே வரவேயில்லை. அடுப்பில் இருந்த பாகு கருகியது. பிறகு பெரியவர்கள் பையனுக்கு உறவைத் திருத்திச் சொல்லிக்கொடுத்தார்கள்: இனிமேல் அவள் அம்மா, இவள் பெரியம்மா. கெட்டிக்காரப் பிள்ளை, பிடித்துக்கொண்டான். யார்மேலும் தப்பில்லாத காரியம் அது. தப்பு யார்மேலாவது இருந்திருந்தால் செண்பகவல்லி இத்தனை வருசத்தில் ஆறியிருப்பாள்.

இப்போது அவள் முடிவு செய்துவிட்டாள். இந்தப் பிள்ளையை ஒருவரும் கொண்டுவந்து மடியில் போடவில்லை. கூப்பிட்டாள், வந்தது. கூப்பிட்டு வந்த பிள்ளையைத் திருப்பிக் கேட்க யாருக்கு வாயிருக்கிறது? ஊருக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அவள் பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள்.

"பாஸ்போர்ட் இல்லாம ஏர்போர்ட்ல விடமாட்டாங்கம்மா," என்றான் தில்லைநாதன்.

இதைப் பற்றி பஸ்ஸில் பெரிய விவாதம் நடந்தது. படத்திலிருந்து வந்தது படம்தானே, சுருட்டி அட்டைக்குழாயில் வைத்தால் போயிற்று என்றார் ஒருவர். பிள்ளையைச் சுருட்டுவதா என்று ரோசம்மாள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். ஒரு முடிவும் எட்டாமல் மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

அடுத்த ஊரின் மியூசியத்தில்தான் முதல் சங்கடம். அங்கே தாயும் பிள்ளையுமான படங்கள் ஒரு அறை முழுக்க இருந்தன. மரப்பலகையில் தீட்டியவை, துணியில் தீட்டியவை, மடியில் பிள்ளை, தோளில் பிள்ளை, பால்குடிக்கிற பிள்ளை. செண்பகவல்லி பிள்ளையோடு உள்ளே நுழைந்ததும், அதுவரை தத்தம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தாய்மார்களும் நிமிர்ந்து அவள் இடுப்பைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஒருவரும் கோபப்படவில்லை, சும்மா பார்த்தார்கள். செண்பகவல்லி பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, பெஞ்சு இருக்கும் நடைக்கு வந்துவிட்டாள். "உள்ள ஒரே வெக்க," என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

இரண்டாவது சங்கடம், பிள்ளையின் கன்னம். அதில் முதல் நாளே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு இருந்தது. போகப்போக அது கிளைவிட்டு, நெற்றியிலும் தோளிலும், கோடையில் காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி ஓடியது. சுடலைமுத்து தேங்காயெண்ணெய் கொடுத்தார். தடவினால் கொஞ்சநேரம் அடங்கும், மறுபடி விரியும். ஒருநாள் காலையில் பார்த்தால் தலையணையில் கடுகளவு ரோஸ்நிறச் செதில்கள் உதிர்ந்து கிடந்தன. செண்பகவல்லி அவற்றைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "ஊரு தண்ணி சேரல. நம்ம ஊருக்கு வந்தா சரியாப் போவும்," என்றாள். உலகம்மை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதைத் தில்லைநாதன் போனில் பார்த்துச் சொன்னான். முதல் ஊர்ப் படத்தில் இப்போது அந்தத் தாயும் இல்லையாம். ஜன்னலும் வெறும் நாற்காலியும் மட்டும்தான் இருக்கிறதாம். கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டதாம். நாற்காலிதான் அந்தப் படத்தின் உயிரே என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருக்கிறார்களாம். பஸ்ஸில் எல்லாரும் "அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டு, சுடலைமுத்து நீட்டிய காராச்சேவுக்குக் கை நீட்டினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உலகம்மை திடீரென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, அவ நடந்து வாரா."

"எவ?"

"நீலச் சேலக்காரி. ரோட்டோரமா."

செண்பகவல்லி எட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். "இந்த ஊருல பஸ்ஸு இல்லியா, ரயிலு இல்லியா? நடந்து வாராளாம்."

உலகம்மை திரையையே பார்த்துக்கொண்டு பேசினாள். இத்தனை வருசத்தில் அரிசி விலையைத் தாண்டி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு நானும் கயத்தாத்துலருந்து நடந்துதான் வந்தேன். பஸ்ஸு ஓடுதுங்கதே எனக்கு ஞாவகம் வரலக்கா. செருப்பும் போடல. ஒங்க வாசல்ல வந்து நின்ன பெறவுதான் காலு எரியுறது தெரிஞ்சுது."

"எனக்குத் தெரியாதே, ஏளா."

"நீங்கதான் அடுப்படிக்குப் போயிட்டீகளே."

தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்: "திரும்பிப் போவையில?"

"அப்பவும் நடந்துதான். பாதி வழியில தோள்லயே தூங்கிட்டான். முழிச்சதும், அம்மா எங்கன்னு கேட்டான். நாந்தாம்ல அம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா. ரொம்ப நாளைக்கு வரல."

அந்த வெயிலில், அந்தத் தார்ரோட்டில், வெறுங்காலோடு பிள்ளையைச் சுமந்துகொண்டு இவள் நடந்து போயிருக்கிறாள். ஒரு செம்பு தண்ணீர்கூடத் தான் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனாலும் திரையை அவள் விலக்கவில்லை.

டூரின் கடைசி ஊர் நாயகம் வேலை பார்க்கிற ஊர். அங்கேதான் அந்தப் பெரிய மாதா கோயில். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், மழையிலும் புகையிலும் கறுத்துப்போய், இரட்டைக் கோபுரத்தோடு ஆற்றங்கரையில் நின்றது. பெர்னாந்து பஸ்ஸிலேயே ஒரு விஷயத்தை எல்லாருக்கும் தெளிவுபடுத்தியிருந்தார். "மாதா ஒரே ஆளுதான். வேளாங்கண்ணியில ஒரு பேரு, எங்க ஊருல பனிமயம்னு ஒரு பேரு. ஒரு எடத்துல நேந்துக்கிட்டத இன்னொரு எடத்துல செலுத்தலாம், அதுல ஒரு கொறையும் இல்ல." யாரையும் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. எல்லாரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள்.

கோயில் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். அந்தக் குளிரில், கருங்கல் படிக்கட்டில், டூர் மொத்தமும் ஷூவையும் செருப்பையும் கழற்றி வரிசையாக விட்டது. செண்பகவல்லி கழற்றியது நாயகம் வாங்கி அனுப்பியிருந்த வெள்ளைக் கான்வாஸ் ஷூ, ரோஸ்நிறக் கயிறு வைத்தது. பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அந்த வரிசையைப் பார்த்தார்கள், இதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று அவர்களும் கழற்றினார்கள். கொஞ்சநேரத்தில் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை.

உள்ளே தூண்கள் போய்க்கொண்டே இருந்தன. வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் தரையில் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்க, அதை மிதிக்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி நடந்தார்கள். அதுவரை எதையும் நிமிர்ந்து பார்க்காத சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்து, "கழுகுமலைத் தேரு இதுக்குள்ள நட்டமா நிக்கும்," என்றார்.

நாயகம் ஒரு தூணருகே நின்றிருந்தான். இரண்டு பேரையும் பார்த்ததும் ஓடிவந்தான்.

"வழியெல்லாம் சவுரியமா இருந்துச்சா பெரியம்மா? அம்மா, நீ என்ன இப்பிடி எளச்சிட்ட?" என்றவன், செண்பகவல்லியின் இடுப்பைப் பார்த்தான். "இது யாரு புள்ள?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். என் பிள்ளை என்று சொல்லத்தான் திறந்தாள். வாசலில் பஸ் நிற்கிறது, நாளைக்கு ஊர், ஒரு சொல் சொன்னால் போதும். அப்போது நாயகத்தின் தோளுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், கால் ஓய்ந்துபோன சுற்றுலாக்காரர்களோடு ஒருத்தியாக அவள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பஸ் சாக்லேட் பாக்டரி, கண்ணாடி பாக்டரி என்று ஊரெல்லாம் சுற்றி வந்திருக்க, அவள் நேர் வழியில் நடந்து முன்னாலேயே வந்துவிட்டாள். நீலச் சேலையின் ஓரம் நனைந்து சேறாக இருந்தது. கைகள் இன்னும் அதே வளைவில் இருந்தன. செண்பகவல்லி முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். பாதம் கொப்புளித்து, பெருவிரலில் வண்ணம் உரிந்து, அடியிலிருந்த துணி தெரிந்தது.

"அந்தா உக்காந்திருக்கால்லா," என்றாள் செண்பகவல்லி. "அவ புள்ள."

சொன்ன பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ரோசம்மாள் டிபன் டப்பாவைத் திறந்து பொன்வட்டத்தை எடுத்துத் துடைத்து மாட்டினாள். சுடலைமுத்து கடைசியாக ஒரு கை எண்ணெய் ஊற்றினார். செண்பகவல்லி கண்மையைத் தொட்டுக் கன்னத்தில், வெடிப்பில்லாத இடமாகப் பார்த்து, ஒரு பொட்டு வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சொடக்கிட்டன. பிறகு பெஞ்சருகே போனாள்.

நீலச் சேலைக்காரி இரண்டு கையையும் நீட்டினாள். நாக்கைச் சொடுக்கினாள்.

பிள்ளை செண்பகவல்லியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. வரமாட்டாகளாம் என்று யாரும் சொல்லவில்லை. பெர்னாந்து ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். பெற்றவளின் கை நீட்டியது நீட்டியபடியே நின்றது. செண்பகவல்லிக்கு அந்த ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடும். எத்தனையோ வருசமாக அவள் எதிர்பார்த்துக் கிடந்த நொடி அது.

அவள் பெஞ்சில், பெற்றவளை ஒட்டினாற்போல, தொடையோடு தொடை இடிக்க உட்கார்ந்தாள். பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அம்மா தேடி வந்திருக்கால்லா ராசா. எம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கா பாரு. நான் எங்கயும் போவல, இங்கதான் இருக்கேன், ஒன்னய பாத்துக்கிட்டே இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளை ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தது. ஒரு காலை எடுத்து நீல மடியில் வைத்தது. கொஞ்சநேரம் ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயுமாக இருந்தது. பிறகு மறு காலையும் எடுத்து வைத்தது. வளைந்தபடியே காத்துக்கிடந்த கைகளுக்குள் அது அப்படியே பொருந்திப் போயிற்று. கன்னத்து வெடிப்பு மூடியது.

அன்றைக்கு அடுப்படிக்குள் போனதுபோல இன்றைக்குச் செண்பகவல்லி எங்கேயும் போகவில்லை. வாசல்வரை கூடவே வந்தாள். படிக்கட்டில் செருப்பு வரிசையில் தேடித் தன் வெள்ளை ஷூவை எடுத்து, குனிந்து, நீலச் சேலைக்காரியின் கால்களில் போட்டுவிட்டு, நாயகம் போனில் காட்டியிருந்த மாதிரியே ரோஸ் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "திரும்பவும் நடக்கணும்லா," என்றாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, உதிர்ந்த செதில்களையும் மறக்காமல் கொடுத்தாள். அவர்கள் ஆற்றுப் பாலத்துக் கூட்டத்தில் கலந்து, நீலம் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் மறைகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகக் கடைசிவரை இவளையே பார்த்துக்கொண்டு போனது.

நாயகம் பக்கத்தில் வந்து நின்றான். "அன்னைக்கு நீங்க வெளியவே வரல பெரியம்மா," என்றான். "சித்தி தோள்லருந்து நான் வாசலையே பாத்துக்கிட்டு போனேன். நான் என்னவோ தப்பு பண்ணிட்டேன், அதான் கோவத்துல வரலன்னு ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சித்தி என்று வாய் தவறி வந்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

"வெளிய வந்தா விட்டிருக்கமாட்டேன் ராசா," என்றாள் செண்பகவல்லி. "அதான் வரல." அவள் அழுதாள். மறைக்கவில்லை.

அந்தப் படம் இப்போது பழைய இடத்தில்தான் தொங்குகிறது. தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. பிள்ளையின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு; நீலச் சேலைக்குக் கீழே ரோஸ்கயிறு கட்டிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அந்த ஷூவின் உட்பொருள் என்ன என்று வாத்தியாரம்மா மாணவர்களுக்கு விளக்குகிறாள், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். தொங்கிக்கொண்டிருந்த காலை இப்போது தாய் ஒரு கையால் ஒழுங்காகத் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குக் கோயில் வாசலில் தில்லைநாதன் பச்சைத் துண்டை உயர்த்தி, நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தான். அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள், வெள்ளைக்காரர்கள் அவரவர் ஜோடியைத் தேடிக்கொண்டார்கள். செண்பகவல்லி மட்டும் வெறுங்காலோடு, சில்லிட்ட கருங்கல்லில், ஒரு பாதத்தின்மேல் மறு பாதத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நாயகம் கீழ்ப்படியில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றி, சூடு ஆறாத காலுறையையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு, நிமிராமலே கூப்பிட்டான்.

"அம்மா, கால நீட்டு."

இரண்டு பேரும் திரும்பினார்கள். உலகம்மை தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய செருப்பு அவள் காலில்தான் இருந்தது. அவள் செண்பகவல்லியின் முழங்கையைப் பிடித்து மெல்ல ஒரு படி கீழே இறக்கினாள்.

"ஒங்களத்தாங்க்கா கூப்பிடுதான்," என்றாள்.

செண்பகவல்லி காலை நீட்டினாள்.